பொயின்றைப் பற்றி ஒரு வரி

“அந்தத் தண்டவாளத் துண்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், தம்பி. என்னுடைய பொயின்றைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.”

ரயில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தைத்தான் பொயின்ற் என்கிறார். ஓவசியர் ஐயா இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. முற்றத்து மாமரத்தடியில் தேநீரை என் கையில் தந்துவிட்டு, வாசித்து முடித்த ஆண்டு மலரைத் திண்ணையில் வைத்தபடி சொன்னார். பிறகு இந்த முறை மாரி பிந்துமா என்று பேச்சை மாற்றிவிட்டார். மூன்று மாதங்களாகின்றன. அந்த இரண்டு வாக்கியங்களும் எனக்குள் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் வாசிகசாலையின் ஆண்டு மலருக்கு நான் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கக் குறிப்பு அது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியில், கொஞ்சம் உள்ளே தள்ளி, தன் வீட்டு நெல் அறைக்குள் ஒரு முழு ரயில் பாதையைச் சிறிதாகக் கட்டி வைத்திருக்கிற மனிதரைப் பற்றி எழுதினேன். அவருடைய பட்டறை மேசையில் ஒரு முழ நீளத்துக்கு உண்மையான தண்டவாளத் துண்டு ஒன்று கிடக்கிறது. வன்னியில் போர்க் காலத்தில் தண்டவாளமும் அதைத் தாங்கும் சிலிப்பர் கட்டையும் எங்கே போயின, எதற்குப் பயன்பட்டன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தத் துண்டை நான் ‘உறங்கும் சாட்சி’ என்று எழுதினேன். ‘இழந்த பாதையை மீட்டெடுக்கும் முதியவர்’ என்று தலைப்பு வைத்தேன். வாசித்தவர்கள் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். எனக்கும் அது நல்ல எழுத்தாகத்தான் பட்டது.

ஐயா அந்தத் துண்டை எதற்கு வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை. மலர் வந்த பிறகுதான் கேட்டேன். “நல்ல கனம். தட்டினால் துள்ளாது. பித்தளைக் கம்பியைத் தட்டையாக்க இதைவிட நல்ல பட்டறைக்கல் கிடைக்காது” என்றார். எத்தனையோ சக்கரங்கள் ஓடித் தேய்த்த அதன் மேல்முகம் கண்ணாடிபோல் இருக்கிறது. சின்னஞ்சிறு கம்பிகளைத் தட்டுவதற்கு அந்த வழுவழுப்பு வேண்டும். அவ்வளவுதான் அந்தத் துண்டுக்கும் அவருக்கும் உள்ள உறவு. அரைப் பக்கத்தை நான் என் மனத்திலிருந்து எடுத்து எழுதியிருந்தேன்.

நூறில் ஒன்று

அவரை எல்லோரும் ஓவசியர் ஐயா என்றே அழைப்பார்கள். நீர்ப்பாசன வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் துருசும் வாய்க்காலும் பார்த்தவர். குளத்து நீர் கடைசி வயல் வரை தானாக நடந்து போக வேண்டும் என்றால் நிலத்தை எவ்வளவு சரிக்க வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர். அந்தக் கண்தான் இந்த அறைக்குள்ளும் வேலை செய்திருக்கிறது. ஐந்தரை மீற்றர் நீளம், மூன்றரை மீற்றர் அகலம். நான்கு சுவர்களையும் ஒட்டி இடுப்பளவு உயரத்தில் மேசை ஓடுகிறது. அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு மட்டம் பார்க்க ரசமட்டம் போதாது என்று, தெளிவான பிளாஸ்ரிக் குழாயில் நீர் நிரப்பிப் பிடித்திருக்கிறார். மேசனார் அத்திவாரத்துக்குப் பிடிப்பதுபோல. சட்டங்கள் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்த முதிரை. மேலே இரண்டு பக்கமும் பூச்சடித்த ஒட்டுப்பலகை. ஒரு பக்கம் மட்டும் பூசினால் மாரிக்கு ஈரத்தை உறிஞ்சி முறுகிவிடும் என்றார். மேசைக் கால் ஒவ்வொன்றும் கழிவு ஒயில் ஊற்றிய தகரப் பேணிக்குள் நிற்கிறது. கறையானுக்கு. ஒரு முறை காலை மறந்து சுவரோடு சாய்த்து வைத்ததில் ஒரே மாதத்தில் ஒரு மூலைப் பலகை போய்விட்டதாம்.

நம் ஊர் ரயிலைச் சிறிதாகச் செய்ய நினைக்கும் எவரும் முதலில் முட்டிக்கொள்வது பாதையின் அகலத்தில். இலங்கையின் பாதை ஐந்தடி ஆறு அங்குலம், 1676 மில்லிமீற்றர். உலகம் முழுக்க விற்கிற எச்.ஓ. என்ற மாதிரி ரயில் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மில்லிமீற்றர். அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் 1435 மில்லிமீற்றர் பாதைக்கு, 87-இல் ஒன்று என்ற அளவுக்குச் செய்யப்பட்டது. நானும் அந்த அளவிலேயே என் முதல் பெட்டியைச் செய்தேன். முன்னாலிருந்து பார்த்தால் ஏதோ பிழை. பெட்டி அகலமாகவும் பாதை ஒடுங்கியும், பெரிய உடம்புக்குச் சின்னக் கால் வைத்ததுபோல இருந்தது. காரணம் தெரியாமல் இரண்டு வருடம் அந்தப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்திருந்தேன்.

ஐயா இதை ஒரு கணக்கில் தீர்த்திருந்தார். 1676-ஐ நூறால் வகுத்தால் 16.76. கடைப் பாதைக்கும் அதற்கும் வித்தியாசம் கால் மில்லிமீற்றர்தான். கடையில் கிடைக்கும் பாதையையும் சக்கரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே வருவதையெல்லாம் நூறில் ஒன்றாகச் செய்துவிட்டால் நம் ஊர் ரயில் நம் ஊர் ரயிலாகவே நிற்கும். அதோடு ஒரு மீற்றர் என்பது ஒரு சென்ரிமீற்றர். பள்ளிக்கூட அடிமட்டம் போதும். “வாய்க்கால் வரைபடமும் இப்படித்தானே” என்றார். அறையைச் சுற்றி ஓடும் பாதை ஏறத்தாழப் பதினாறு மீற்றர், நிலத்தில் ஒன்று தசம் ஆறு கிலோ மீற்றர். மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்ற நான்கையும் அதற்குள் அடக்க வேண்டும். எதை விடுவது என்பதுதான் வேலை என்றார். ஒவ்வொரு நிலையத்துக்கும் இடையில் ஒரு மதகு, ஒரு துண்டுக் காடு, ஒரு கடவை. இவ்வளவும் இருந்தால் கண் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும் என்று அவர் நம்புகிறார். நான் நின்று பார்த்தேன். நிரப்பிக்கொள்கிறது.

தட்டை நிலத்தின் தொல்லை

மலைநாட்டுப் பாதையைச் செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பதுளைப் பாதையில் 46 சுரங்கங்கள். வண்டியை ஒரு சுரங்கத்துக்குள் அனுப்பி மறைத்துவிட்டு, சுவருக்குப் பின்னால் திருப்பி, வேறொரு மலையிலிருந்து வரவைக்கலாம். பார்ப்பவர் அதை நீண்ட பயணமாக எடுத்துக்கொள்வார். வன்னியில் சுரங்கமும் இல்லை, மலையும் இல்லை. தட்டை நிலம், மேலே பெரிய வானம். வண்டி எங்கிருந்து வருகிறது, எங்கே போய் மறைகிறது என்பதை ஒளிக்க இடமே கிடையாது. ஐயா காட்டை வைத்து ஒளித்திருக்கிறார். பாலையும் வீரையும் கூழாவும் அடர்ந்த பற்றைக்குள் பாதை மெல்ல வளைந்து நுழைகிறது. வளைவு இருப்பதே தெரியாத அளவு மெல்லிய வளைவு. கடைசிப் பெட்டி இலைகளுக்குள் போகும்போது அது சுவருக்குப் பின்னால் போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. காட்டுக்குள் போகிறது என்றே தோன்றியது.

மரங்கள் எல்லாம் வளவில் கிடைத்தவை. காய்ந்த புல் கதிர், தும்பு, துளசியின் காய்ந்த கொப்பு. பனைக்கு ஈர்க்கிலே தண்டு. ஓலைக்குக் கடதாசியை விசிறிபோல வெட்டி நுனியைக் கிழித்திருக்கிறார். பரந்தன் பக்கம் அப்படி அறுபது பனைகளும் ஒரு கூட்டம் வடலிகளும் நிற்கின்றன. பாதைக்குக் கீழே போடும் சல்லி, கல்லுடைக்கும் இடத்திலிருந்து அள்ளி வந்த தூள். தேயிலை வடியால் அரித்து, பெரிதையும் மாவையும் நீக்கி, நடுவில் நின்றதை மட்டும் எடுத்திருக்கிறார். அதைப் பரப்பிவிட்டு, தண்ணீரில் கரைத்த வெள்ளைப் பசையை மருந்துக் குழாயால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பசைத் தண்ணீருக்குள் ஒரு துளி பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலக்காவிட்டால் துளி உருண்டு நின்று கல்லையும் கூட்டிக்கொண்டு ஓடிவிடும். கலந்தால் உள்ளே இறங்கும். நான் இதைத் தெரியாமல் இரண்டு கிலோ மணலைப் பாழாக்கியவன் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சிலிப்பர் கட்டைகளுக்கு ஐஸ்பழக் குச்சி. நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீற்றர் அகலம் வரும். மீற்றருக்கு 140 கட்டைகள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் குச்சிகளைக் கழுவிக் காயவைத்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். தேயிலைச் சாயத்தில் ஒரு நாள் ஊறவைத்து, பிறகு துருப்பிடித்த ஆணிகள் கிடந்த வினாகிரியில் முக்கினால் புதுக் குச்சி அரை மணி நேரத்தில் வெயிலும் மழையும் கண்ட மரத்தின் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடுகிறது. எனது மலர்க் குறிப்பில், அவர் தன் பாதையை 1970-களில் நிறுத்தி வைத்ததற்கு ‘காலத்தைக் கலவரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்’ என்று எழுதியிருந்தேன். அதையும் இந்த முறை கேட்டேன். இப்போதைய பாதையில் கொங்கிறீற்றுக் கட்டைகள், எல்லாம் ஒரே அச்சு, செய்வதற்கு அதில் ஒன்றுமில்லை என்றார். மரக்கட்டை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வெடித்திருக்கும், அதைச் செய்வதில்தான் கைக்கு வேலை இருக்கிறது. இன்னொரு காரணம் எம்-2 என்ஜின். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்து 1954 முதல் வந்த என்ஜின்கள். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்காட்சுவான் என்று அந்த நாட்டு மாகாணங்களின் பெயர்களோடு நம் காடுகளுக்குள் ஓடியவை. 1956 ஏப்ரலில் தொடங்கிய யாழ்தேவி ரயிலை இழுத்தவை. ஐயா சின்ன வயதில் அதன் முன்னால் நின்று பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்க முயன்று தோற்றவர். அந்த என்ஜின்தான் அவருக்கு வேண்டும். அது ஓடிய காலம்தான் அறைக்குள்ளும் இருக்க வேண்டும்.

அந்த என்ஜின் இப்போது அவர் மேசையில் ஒரு சாணுக்கும் குறைந்த நீளத்தில் நிற்கிறது. பக்கவாட்டுக் காற்றுச் சலாகைகள் யோகட் கோப்பையிலிருந்து வெட்டியவை. ஐஸ்கிறீம் பெட்டியின் பிளாஸ்ரிக்கில் பசை பிடிக்காது, யோகட் கோப்பையில் பிடிக்கும். இது எனக்குப் புதிய அறிவு.

கொப்பி

ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி இருக்கிறது. அறைக்கு வருகிறவர்கள் சொல்லும் திருத்தங்கள் எல்லாம் அதில் ஏறும். நிலையங்களின் பழைய படம் வைத்திருந்த வீடுகள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படங்களைத் தொலைத்துவிட்டன. ஆகவே ஆட்களின் ஞாபகம்தான் வரைபடம். நிலைய வாசலில் வேம்பு நின்றது என்று ஒருவர் சொன்னால் எழுதிக்கொள்வார். இல்லை, விளாத்தி என்று இன்னொருவர் சொன்னால் அதையும் பக்கத்திலேயே எழுதுவார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒன்றையே சொன்னால் மட்டும் அதைச் செய்வார். அதுவரைக்கும் அந்த இடம் வெறும் மண்ணாக இருக்கும். மாங்குள நிலையத்துக்கு முன்னால் இப்போதும் அப்படி ஒரு வெறும் மண் இருக்கிறது. மரம் எது என்று முடிவாகவில்லை. அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்த மனிதரின் நேர்மை அது என்று நினைக்கிறேன். தனக்குத் தெரியாததை அவர் அழகாகச் செய்து மூடுவதில்லை. அந்தக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் என் மலர்க் குறிப்பு எனக்கு முதன்முதலாக வெட்கம் தந்தது.

நான்கு பேர் போனோம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேராகப் போனோம். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணை. அங்கே ஒரு மாதிரி ரயில் கழகத்தில் இருப்பவர். வவுனியாவில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. அவனுக்கு எதைக் கண்டாலும் உள்ளே வயர் எப்படி ஓடுகிறது என்பதுதான் கேள்வி. நான்காமவர் வடக்குப் பாதையில் கார்ட்டாக வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர். 1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றபோது அவருக்கு நாற்பது வயது.

அறைக்குள் நுழைய ஒரு வாசல் உண்டல்லவா. பாதை சுவரைச் சுற்றி ஓடுவதால் வாசலை அது குறுக்கே கடந்தாக வேண்டும். அந்த எண்பது சென்ரிமீற்றர் துண்டைக் கழற்றி எடுக்கலாம். அதை எடுத்தால்தான் நிமிர்ந்து உள்ளே போக முடியும். இரண்டு முனைகளிலும் கதவுக்குப் போடும் பித்தளைத் தாழ்ப்பாள்கள். தாழ்ப்பாள் உள்ளே போனால் தண்டவாளங்கள் மயிரிழை பிசகாமல் நேராகும். அதே தாழ்ப்பாள் வழியாகத்தான் மின்சாரமும் பாய்கிறது. அந்தத் துண்டுக்கு மட்டுமன்றி, அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு மீற்றர் பாதைக்கும். தாழ்ப்பாளை இழுத்துவிட்டால் அந்த ஒரு மீற்றரும் செத்துப்போகும். வருகிற வண்டி விளிம்புக்கு முன்பே நின்றுவிடும். கைபேசிக் கடைத் தம்பி இதைப் புரிந்துகொண்டதும் சட்டென்று மேசைக்குக் கீழே குனிந்து வயரைப் பின்தொடர ஆரம்பித்துவிட்டான். பன்னிரண்டு வோல்ற், ஒரு கார் பற்றறி, கூரையில் ஒரு சூரியத் தகடு. 2022-இல் ஊரெல்லாம் மின்வெட்டில் இருண்டு கிடந்தபோதும் இந்த அறையில் வண்டி ஓடியது.

அந்தக் கழற்றும் துண்டு, பாதைக் கணக்கின்படி முறிகண்டிக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில் வருகிறது. அண்ணை அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு தழுதழுத்த குரலில் கேட்டார்: “ஐயா, இது அந்த இடைவெளிதானே? பாதை அறுந்து கிடந்த இருபத்து மூன்று வருடமும் இதுதானே?”

ஐயா அவரைப் பார்த்துச் சிரித்தார். “இது வாசல் தம்பி. அறைக்குள் போக வேண்டுமே.”

அண்ணையின் முகத்தில் நான் என்னையே கண்டேன். அவர் பொய்யாகக் கலங்கவில்லை. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்த நாளை அவர் ரொறன்ரோவில் ஒரு கைபேசித் திரையில் பார்த்து அழுதவர். அந்த அழுகை உண்மை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு வந்து இன்னொருவர் வீட்டு வாசலில் மாட்டுவது வேறு. நானும் ஒரு பட்டறைக்கல்லில் அதையே மாட்டியிருந்தேன்.

கார்ட் ஐயா என்ன செய்தார் தெரியுமா? அவர் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சரக்கு வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னார். அது மாங்குளத்தைக் கடந்து, காட்டுக்குள் போகும்வரை குனிந்து கடைசிப் பெட்டியையே பார்த்தார். நிமிர்ந்து, “பின்விளக்கு எங்கே?” என்றார். கடைசிப் பெட்டியில் பின்விளக்கு இல்லாமல் ஒரு வண்டி நிலையத்தைக் கடந்தால், நடுவழியில் எங்கோ பெட்டி கழன்று நிற்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முழு வண்டியும் வந்துவிட்டது என்பதற்கு அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான் சாட்சி. அது இல்லாமல் பின்னால் இன்னொரு வண்டியை விட முடியாது. இதை அவர் கண்டிப்பான குரலில், பணியில் நிற்கிற ஒருவர்போலச் சொன்னார். பிறகு வண்டி மேலே போக அனுமதியாகக் கொடுக்கும் ரப்ளற் வளையத்தை நீட்டி நிற்கும் சிறிய மனிதனைக் காட்டி, கை இன்னும் உயர வேண்டும், ஓடுகிற என்ஜினிலிருந்து எடுப்பவன் குனியமாட்டான் என்றார். ஓவசியர் ஐயா கொப்பியை எடுத்துவர ஓடினார். ஓடினார் என்றே எழுதுகிறேன். எழுபது கடந்த மனிதர் உள் அறைக்கு ஓடிப் போய்ப் பேனையும் கொப்பியுமாகத் திரும்பி வந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை என் மலர்க் குறிப்பு அவருக்குத் தரவில்லை. தந்திருக்கவும் முடியாது.

கண்ணை மூடுங்கள்

மற்றவர்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகு ஐயா என்னை மட்டும் பட்டறைக்குக் கூப்பிட்டார். பட்டறை என்பது நெல் அறைக்குப் பின்னால் தாழ்வாரத்தை அடைத்த ஒரு ஒடுங்கிய இடம். ஒரு யன்னல், ஒரு மேசை, நாற்காலி. அரங்கள் நீளவரிசைப்படி ஆணியில் தொங்குகின்றன. அரத்தாள்கள் இலக்கப்படி பழைய விஸ்கோத்துப் பேணிகளில். தரையில் வெள்ளைத் துணி விரித்திருக்கிறது, விழுந்த திருகாணி தெரிய வேண்டும் என்பதற்காக. மேசையின் வலது பக்கத்தில் அந்தத் தண்டவாளத் துண்டு, அதன்மேல் ஒரு சின்னச் சுத்தியல்.

அவர் இரண்டு பொயின்றுகளை எடுத்து வைத்தார். பாதை இரண்டாகப் பிரியும் இடம்தான் பொயின்ற். இந்த வேலையில் அதுதான் மிகக் கடினம். ஒன்று கடையில் வாங்கியது. மற்றது அவர் செய்தது. ஒரு சரக்குப் பெட்டியைக் கடைப் பொயின்றின்மேல் வைத்து, “கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலால் தள்ளுங்கள்” என்றார். தள்ளினேன். தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் விரல் நுனியில் ஒரு சிறு அதிர்வு. டக். பின் சக்கரத்துக்கு இன்னொன்று. டக். பிறகு பெட்டியைத் தன்னுடையதற்கு மாற்றினார். கண்ணைத் திறக்க வேண்டாம் என்றார். தள்ளினேன். பெட்டி போய்க்கொண்டே இருந்தது. எந்த இடத்தில் பாதை பிரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி இழுத்தேன். மறுபடி தள்ளினேன். ஐந்தாறு முறை. எண்ணெய்மேல் விரல் போவதுபோல இருந்தது.

சக்கரத்தின் உட்பக்க விளிம்பு கடந்து போக அந்த வெட்டும் இடத்தில் ஒரு இடைவெளி விட்டாக வேண்டும். ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். அதைவிட அகன்றால் சக்கரம் குழிக்குள் விழுந்து ஏறும், அதுதான் டக். ஒடுங்கினால் சக்கரம் தண்டவாளத்தின்மேல் ஏறிப் பெட்டி புரளும். கடைக்காரர் எல்லாருடைய சக்கரத்துக்கும் பொருந்த வேண்டும் என்று இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விடுகிறார். ஐயாவுக்குத் தன் சக்கரங்கள் மட்டும் போதும். செப்பு பூசிய மின்பலகையைக் கட்டை அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டி, தண்டவாளத்தை அதன்மேல் ஈயத்தால் பற்றவைக்கிறார். இரண்டு தண்டவாளமும் செப்பின் வழியாகத் தொடர்புபட்டு மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடாமல் ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் வாளால் ஒரு கோடு அறுத்துச் செப்பைப் பிரிக்கிறார். மூக்குப்போல் கூர்ந்து வரும் அந்த முனையை அரத்தால் தேய்ப்பதற்கு மட்டும் ஒரு முழு மாலை. அந்த மூக்கு கத்தி முனை மாதிரி இருக்கக் கூடாது, நகத்தால் தொட்டால் மழுங்கலாகத் தெரிய வேண்டும் என்று என் பெருவிரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். பொயின்றைத் திருப்புவது சைக்கிள் பிரேக் வயர். மேசை விளிம்பில் ஒரு குமிழை இழுத்தால் பாதை மாறும்.

“இது எத்தனையாவது, ஐயா?”

“பதினோராவது.”

மேசைக்குக் கீழிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். மற்றப் பத்தும் உள்ளே இருந்தன. ஒவ்வொன்றிலும் நூலால் ஒரு துண்டுக் கடதாசி கட்டியிருந்தது. ‘மூக்குக் கூர் அதிகம்.’ ‘சூடு கூடி அகலம் விலகியது.’ ‘வெயிலில் சரி, மாரியில் இறுகுகிறது.’ ‘எம்-2 போகும், பெட்டி போகாது.’ நான்கு வருட வேலை அது. நான் அவருடைய நான்கு வருடத்தை விட்டுவிட்டு, தட்டுவதற்கு வைத்திருந்த ஒரு இரும்புத் துண்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

அதற்குப் பிறகு

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணையோடு நீண்ட நேரம் பேசினேன். அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. ரொறன்ரோவில் அவருடைய கழகத்தில் ஒருவர் கனடாவின் ஏதோ ஒரு சிறிய நிலையத்தைச் செய்தால், வருகிறவர்கள் தண்டவாள இணைப்பையும் பூச்சையும் பற்றிக் கேட்பார்களாம். மணிக்கணக்காக அதைப் பற்றியே பேசுவார்களாம். “இங்கே நான் வந்ததும் முதல் கேட்டது அந்தக் கேள்வி. ஐயாவின் கைவேலையை அங்கே நான் பார்த்திருந்தால் முதல் கேட்பது பொயின்றைப் பற்றியாகத்தான் இருக்கும்” என்றார். அவர் சொன்னது என்னை உறுத்துகிறது. வன்னியில் ஒருவர் தோட்டம் வைத்தால் அது மீண்டெழுந்த தோட்டம். ஒருவர் பாடினால் அது வலியின் பாட்டு. ஒருவர் ரயில் செய்தால் அது இழந்த ரயில். வெளியிலிருந்து வருகிறவர்கள் மட்டும் இப்படிப் பார்க்கிறார்கள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இங்கேயே பிறந்து, இதே வீதியில் மூட்டையோடு நடந்து, திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நானும் அப்படியே பார்த்தேன். ஒருவருடைய கை எவ்வளவு நுட்பமானது என்று பார்க்கவே மறந்து, அந்தக் கை எதை இழந்தது என்று தேடினேன்.

நடந்ததை மறக்கச் சொல்லவில்லை நான். ஐயாவும் மறந்தவர் அல்லர். அவருடைய மாங்குளத்தில் மேடையோரம் நிற்கும் சில சிறிய மனிதர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, பூச்சடித்த சேலையின் நிறத்தைக் கண்டு அவருடைய மனைவிதான் தலையைத் திருப்பிக்கொண்டார். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அது கேட்பவருக்காக வைத்ததல்ல. ஆனால் பொயின்ற் கேட்பவருக்காக வைத்தது. ஒரு கைவினைஞர் நான்கு வருடம் தேய்த்து முடித்த ஒன்றை, இன்னொரு கைவினைஞர் விரலால் தொட்டு, ‘இதை எப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்க வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார். நான் போய்க் கவிதை எழுதிவிட்டு வந்தேன்.

இந்த மூன்று மாதத்தில் நானும் இரண்டு பொயின்றுகள் செய்துவிட்டேன். முதலாவதில் சூடு கூடி எல்லாம் விலகிப்போயிற்று. இரண்டாவது நிற்கிறது, பெட்டி புரளவில்லை. கண்ணை மூடித் தள்ளினால் மூக்கில் ஒரு முறை, இடப் பக்கத்தில் மட்டும், மெல்லிய ஒரு டக் வருகிறது. வலப் பக்கம் சுத்தமாகப் போகிறது. நேற்று ஐயாவுக்கு அழைத்துச் சொன்னேன். எந்தப் பக்கம், முன் சக்கரத்துக்கா பின் சக்கரத்துக்கா, பெட்டியில் பாரம் வைத்துப் பார்த்தீர்களா, காலையிலா பின்னேரத்திலா என்று வரிசையாகக் கேட்டார். பின்னேரத்தில் மட்டும் பார்த்திருந்தேன். “காலையிலும் பாருங்கள். பார்த்துவிட்டுக் கொண்டு வாருங்கள்” என்றார்.

கைபேசிக் கடைத் தம்பி, உடைந்த ஒரு கைபேசியின் பலகையிலிருந்து கடுகை விடச் சிறிய சிவப்பு விளக்கு ஒன்றைக் கழற்றி, மயிர்போன்ற இரண்டு வயர்களைப் பற்றவைத்துத் தந்திருக்கிறான். சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டிக்கு. அதைப் பஞ்சில் சுற்றி, என் பொயின்றோடு ஒரு விஸ்கோத்துப் பேணிக்குள் வைத்திருக்கிறேன். பொயின்றில் நூலால் ஒரு கடதாசித் துண்டும் கட்டியாயிற்று: ‘மூக்கு, இடப் பக்கம், முன் சக்கரம். காலையிலும் உண்டு.’ சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன்.